ரோலான் காரோஸ் டென்னிஸ் வீரர் அல்லர், விமானி

மே மாதம் பிரெஞ்சு ஓபன் நெருங்கினாலே, அப்போட்டியின் முதல் சாம்பியனான ரோலான் காரோஸின் பெயரைத்தான் பாரிஸ் மைதானத்துக்குச் சூட்டியிருக்கிறார்கள் என்றொரு தகவல் வாட்ஸ்அப்பில் வலம் வரத் தொடங்கிவிடுகிறது. இது தவறு.

1891-இல் அப்போட்டி முதன்முதலாக நடந்தபோது, ரீயூனியன் தீவில் பிறந்த காரோஸுக்கு 3 வயதுகூட நிரம்பவில்லை. அவர் புகழ் பெற்றது வானில். 1913 செப்டம்பர் 23 அன்று பிரான்ஸின் ஃப்ரேஜுஸிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 8 மணி நேரம் எங்கும் இறங்காமல் பறந்து துனிசியாவின் பிசெர்த்தில் தரையிறங்கிய அவரே, மத்தியதரைக் கடலை விமானத்தில் இடைநில்லாமல் கடந்த முதல் மனிதர். முதல் உலகப் போரில், 1918 அக்டோபர் 5 அன்று, தம் 30-ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், வான்சண்டையில் உயிரிழந்தார்.

பெயர் வந்த கதை வேறு. லகோஸ்ட், கோஷே, பொரோத்ரா, புரூன்யோன் ஆகிய பிரெஞ்சு டென்னிஸ் வீரர்கள் நால்வர் 1927-இல் அமெரிக்காவிடமிருந்து, நாடுகளுக்கிடையிலான டென்னிஸ் போட்டியான டேவிஸ் கோப்பையைக் கைப்பற்றியதால், மறு ஆண்டு அதைத் தக்கவைக்கும் ஆட்டத்துக்குப் பெரிய அரங்கம் தேவைப்பட்டது. நிலம் தந்த ஸ்டாட் பிரான்சே என்ற விளையாட்டுக் கழகமோ, தன் உறுப்பினராக இருந்த காரோஸின் பெயரையே அதற்கு வைக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது.

ஆடுகளம் முழுக்கச் செம்மண் என்று அதே தகவலில் வருவதும் சரியன்று. சுண்ணாம்புக்கல் தூள் அடுக்கின்மேல் 1 முதல் 2 மில்லிமீட்டர் அளவுக்குச் செங்கல் பொடி தூவப்படுகிறது, அவ்வளவுதான். பந்து விழுந்த தடம் அதில் பதிந்துவிடுவதால், நடுவர் தம் உயர்ந்த நாற்காலியிலிருந்து இறங்கிவந்து, குனிந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் 2025-இலும் தொடர்ந்தது.