ஆளுக்கொரு சீர்திருத்தம் கேட்டால் விமானத் துறை தேறாது

விமானத் துறை எங்கே தடுமாறினாலும் காட்சி ஒன்றுதான். விமானிகள் சங்கம் பணி நேரத்தைக் குறைக்கச் சொல்கிறது. பராமரிப்புப் பொறியாளர்கள் ஆள் பற்றாக்குறை என்கிறார்கள். விமானப் போக்குவரத்தை வழிநடத்தும் கட்டுப்பாட்டு மையமான ஏடிசியில் இருப்பவர்கள் காலாவதியான கருவிகளைக் காட்டுகிறார்கள். விமான நிறுவனம் எரிபொருள் வரியைக் குறைக்கக் கேட்கிறது, விமான நிலையம் கட்டணத்தை உயர்த்த அனுமதி கேட்கிறது. ஒழுங்குமுறை ஆணையம் எல்லோருக்கும் சுற்றறிக்கை அனுப்புகிறது. இவர்களில் ஒருவர் சொல்வதும் பொய்யில்லை.

ஆனால் ஒவ்வொரு கோரிக்கையும் அடுத்தவர் தலையில் போய் விடிகிறது. பணி நேரத்தைக் குறைத்தால் கூடுதல் விமானிகள் வேண்டும். அவர்கள் பயிற்சி முடித்து வர வருடக்கணக்கில் ஆகும். அதுவரை சேவைகளைக் குறைக்க வேண்டும், சேவை குறைந்தால் வருமானம் குறையும். வருமானம் குறைந்த நிறுவனம் முதலில் கை வைப்பது பயிற்சிச் செலவிலும் உதிரிபாகக் கையிருப்பிலும்தான். அதாவது விமானிகளின் நியாயமான கோரிக்கை, யாரும் திட்டமிடாமலே, விமானப் பராமரிப்புக் கொட்டகையான ஹேங்கரில் வேலை பார்ப்பவரின் சுமையாக மாறிவிடுகிறது.

இந்தத் துறையில் யோசனைக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. விசாரணைக் குழுக்களின் பரிந்துரைகள் அலமாரி நிறையக் கிடக்கின்றன. நம்மிடம் இல்லாதது எல்லோரும் உட்கார்ந்து ஒத்துக்கொண்ட ஒரு பொதுத் திட்டம்: எங்கே போகிறோம், முதலில் எதைச் செய்கிறோம், அதற்காக யார் எதை விட்டுக்கொடுக்கிறோம். மூன்றாவது கேள்வி வரும்போதுதான் கூட்டம் கலைகிறது.

இப்படி ஒரு பொதுப் புரிதல் இல்லாததற்கு என்ன விலை கொடுத்தோம் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 1974 டிசம்பர் 1. அமெரிக்காவின் டிடபிள்யூஏ நிறுவனத்தின் 514ஆம் எண் விமானம் வாஷிங்டன் நேஷனல் விமான நிலையத்தில் இறங்க வேண்டியது. அங்கே காற்று பலமாக இருந்ததால் டலஸ் விமான நிலையத்துக்குத் திருப்பினார்கள். இன்னும் சுமார் 44 கடல்மைல் தூரம் இருக்கும்போதே தரையிறங்க ஓடுபாதையை நெருங்குவதற்கு அனுமதி கிடைத்தது. அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றால் 1,800 அடிக்கு இறங்கலாம் என்று விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். குறைந்தபட்ச உயரத்தை விமானிகள் வரைபடத்தில் பார்த்துக்கொள்வார்கள் என்பது ஏடிசியின் நினைப்பு. இரண்டு தரப்புக்கும் நடுவில் வர்ஜீனியாவின் மவுண்ட் வெதர் மலை நின்றது. 92 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

சுமார் ஆறு வாரங்களுக்கு முன்பு, யுனைடெட் நிறுவனத்தின் ஒரு விமானம் அதே இடத்தில் அதே குழப்பத்தால் மலையில் மோதப் பார்த்து மயிரிழையில் தப்பியிருந்தது. விமானிகள் மறைக்காமல் நிறுவனத்திடம் சொன்னார்கள். நிறுவனமும் தன் விமானிகள் எல்லோரையும் எச்சரித்தது. எல்லோரும் தங்கள் கடமையை ஒழுங்காகத்தான் செய்தார்கள். ஆனால் அந்த எச்சரிக்கை வேலி தாண்டி அடுத்த நிறுவனத்துக்குப் போக ஒரு வழியும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் முக்கியம். அமெரிக்க விமான ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ, தவறுகளையும் நூலிழைத் தப்பல்களையும் எங்களிடம் சொல்லுங்கள், தண்டிக்க மாட்டோம் என்று 1975இல் ஒரு ஏற்பாடு செய்தது. உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் உள்ளவரிடமே போய் யார் உண்மையைச் சொல்வார்கள்? நம்பிக்கை வரவில்லை. அதனால் 1976இல் அந்தப் பொறுப்பு நாசாவிடம் போனது. நாசா யாரையும் தண்டிக்க முடியாது. வருகிற தகவலில் பெயரை நீக்கிவிட்டு எல்லோருக்கும் பகிரும். அந்த ஏற்பாடு இன்றும் ஓடுகிறது. அது உருவாக வேண்டுமானால் ஒழுங்குமுறை அமைப்பு தன் அதிகாரத்தில் ஒரு துண்டை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது, நிறுவனங்கள் தங்கள் மானப் பிரச்சினையை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது, விமானிகள் மௌனத்தை விட வேண்டியிருந்தது. பொதுத் திட்டம் என்று நான் சொல்வது இதைத்தான். சுவரில் மாட்டும் லட்சிய வாசகங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

பராமரிப்புப் பக்கத்தில் இருந்தவன் என்பதால் அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் சொல்கிறேன். விடியற்காலை மூன்று மணி. ஐந்தரைக்கு விமானம் புறப்பாட்டு வாயிலில் நிற்க வேண்டும். பரிசோதனையில் ஒரு பாகம் தேய்ந்திருப்பது தெரிகிறது. அளவெடுத்தால் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள்தான் இருக்கிறது, ஆனால் விளிம்பில். ஸ்டோரில் மாற்றுப் பாகம் இல்லை. பக்கத்தில் நிறுத்தி வைத்திருக்கும் இன்னொரு விமானத்திலிருந்து கழற்றி மாட்டலாம். அப்படிச் செய்தால் வேலையும் இரட்டிப்பு, எழுத்து வேலையும் இரட்டிப்பு, அந்த விமானம் பறக்கும் நாளும் தள்ளிப்போகும். ஒழுங்குமுறை ஆணையத்தின் சுற்றறிக்கை கவனமாகப் பார் என்கிறது. நிறுவனத்தின் தணிக்கைப் பிரிவு ஒவ்வொன்றையும் பதிவு செய் என்கிறது. செலவுப் பிரிவு பாகங்களை முழு ஆயுளும் பயன்படுத்து என்கிறது. செயல்பாட்டு அறையிலிருந்து போன் வருகிறது, எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்று. நான்கு பேரின் நான்கு இலக்குகளும் தூக்கம் சொக்கும் ஒரு மனிதரின் ஒற்றைக் கையெழுத்தில் வந்து முட்டுகின்றன. மேலே இருப்பவர்கள் தங்களுக்குள் பேசி எடுக்காத முடிவை, கீழே இருப்பவர் தனியாளாக, தன் உரிமத்தைப் பணயம் வைத்து எடுக்கிறார். எந்த முடிவு எடுத்தாலும் நான்கு பேரில் யாரோ ஒருவருக்கு அவர் காலையில் விளக்கம் சொல்லியாக வேண்டும்.

நல்ல தலைமை வந்தால் போதும், இதெல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு வாதம் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. கொரியன் ஏர் நிறுவனத்தைப் பாருங்கள். 1997இல் குவாம் தீவில் நடந்த விபத்தில் 228 பேர் இறந்தார்கள். 1999இல் கூட்டாளியான அமெரிக்காவின் டெல்டா நிறுவனமே உறவை நிறுத்தி வைத்தது. அதன் பிறகு டெல்டாவில் இருந்த ஒருவரையே வெளியிலிருந்து கொண்டுவந்து, விமானிகளின் பயிற்சியையும் பதவி அடுக்கு பார்த்து வாய் மூடும் பழக்கத்தையும் மாற்றினார்கள். 1999 டிசம்பரில் நடந்த சரக்கு விமான விபத்துக்குப் பிறகு அங்கே உயிர்ப்பலி விபத்து இல்லை. ஆனால் அது ஒரு நிறுவனம். அதற்கு ஒரு தலைவர் உண்டு, அவர் உத்தரவு போட்டால் நடக்கும். துறை என்று வரும்போது அப்படி ஒரு நாற்காலியே கிடையாது. விமானி ஒரு முதலாளியிடம் இருக்கிறார், ஏடிசி அரசிடம், தரைப்பணி ஒப்பந்தக்காரரிடம், பயிற்சிப் பள்ளி தனியாரிடம். இவர்கள் எல்லோருக்கும் உத்தரவு போட ஆள் இல்லாத இடத்தில், ஒப்புக்கொள்ளல் ஒன்றுதான் வழி.

அது நடக்காத காரியமும் இல்லை. 1996இல் அமெரிக்காவில் இரண்டு பெரிய விபத்துகள்: மே மாதம் வேல்யூஜெட் 592, ஜூலையில் டிடபிள்யூஏ 800. இரண்டிலுமாக 340 பேர். வெள்ளை மாளிகை அமைத்த குழு அடுத்த ஆண்டு தந்த அறிக்கையில், பத்து ஆண்டுகளில் உயிர்ப்பலி விபத்து விகிதத்தை 80 சதவீதம் குறைக்க வேண்டும் என்றது. எண்ணைச் சொல்வது சுலபம். அதன் பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் விஷயம். நிறுவனங்கள், விமானம் தயாரிப்பவர்கள், தொழிற்சங்கங்கள், ஒழுங்குமுறை அமைப்பு, நாசா எல்லோரும் சேர்ந்து வணிக விமானப் பாதுகாப்புக் குழு என்று ஒன்றை அமைத்தார்கள். சுருக்கமாக காஸ்ட் என்பார்கள். ஒரே தரவை எல்லோரும் பார்த்தார்கள். எந்த வகை விபத்து அதிக உயிர்களைக் கொல்கிறது என்று வரிசைப்படுத்தினார்கள்: நல்ல நிலையில் இருக்கும் விமானம் மலையில் மோதுவது, பறக்கும்போது கட்டுப்பாடு இழப்பது, தரையிறங்கும்போது நேர்வது. அந்த வரிசையிலேயே வேலையும் நடந்தது. பெரும்பாலான மாற்றங்கள் சட்டம் வருவதற்குக் காத்திருக்காமல் தாமாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டவை. பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் உயிரிழப்பு அபாயம் 83 சதவீதம் குறைந்திருந்தது.

பணம், கட்டணம் என்று வரும்போதும் இது சாத்தியம்தான். கனடாவில் 1996இல் ஏடிசி சேவையை அரசிடமிருந்து பிரித்து நவ் கனடா என்ற லாப நோக்கற்ற நிறுவனத்திடம் கொடுத்தார்கள். அதன் நிர்வாகக் குழுவில் விமான நிறுவனங்களின் பிரதிநிதிகள் உண்டு, அரசின் பிரதிநிதிகள் உண்டு, தொழிற்சங்கப் பிரதிநிதிகள் உண்டு, சிறு விமானங்களை இயக்குபவர்கள் சார்பிலும் ஒருவர் உண்டு. கட்டணம் கட்டுபவரும் வேலை செய்பவரும் ஒரே மேசையில். இதே போன்ற ஒரு யோசனை 2017இல் அமெரிக்காவில் மசோதாவாக வந்தது. பெரிய நிறுவனங்கள் பல ஆதரித்தன. சிறு விமானம் வைத்திருப்பவர்கள், தங்கள் குரல் எடுபடாது, கட்டணம் மட்டும் தங்கள் தலையில் விழும் என்று பயந்து கடுமையாக எதிர்த்தார்கள். 2018 பிப்ரவரியில் அதைக் கைவிட்டார்கள். அந்த மசோதா நல்லதா கெட்டதா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. முதலிலேயே எல்லோரையும் உட்கார வைக்காத திட்டம் கடைசியில் எல்லோரையும் எதிரில் நிற்க வைத்தது. ஐரோப்பாவில் நாடுகளின் வான்வெளியை ஒன்றாக நிர்வகிக்கும் ஒற்றை வான்வெளித் திட்டத்துக்கு 2004இலேயே சட்டம் வந்தது. ஒவ்வொரு நாடும் தன் வான்வெளியை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டதில் அது இருபது ஆண்டுகளாக இழுபடுகிறது.

இந்தோனேசியா இன்னொரு பாடம். 2007இல் ஐரோப்பிய ஒன்றியம் பாதுகாப்புக் குறைபாட்டுக்காக அந்த நாட்டின் விமான நிறுவனங்கள் அனைத்தும் தன் வான்வெளியில் பறப்பதைத் தடை செய்தது. அவமானம்தான். 2009இல் புதிய விமானச் சட்டம் வந்தது, பிறகு ஏடிசி சேவை தனி அமைப்பாகப் பிரிந்தது, நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் தடையிலிருந்து வெளியே வந்தன. முழுத் தடையும் நீங்கியது 2018 ஜூனில். பதினோரு ஆண்டுகள். அதே ஆண்டு அக்டோபரில் லயன் ஏர் விபத்தில் 189 பேர் இறந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு முறை சரிசெய்துவிட்டு ஓய்வெடுக்கும் துறை இது கிடையாது. நேபாளத்தில் விதி போடுவதும் விமான நிலையம் நடத்துவதும் ஒரே அமைப்பு. பிரிக்க வேண்டும் என்பதில் வல்லுநர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனாலும் 2013இல் வந்த ஐரோப்பியத் தடைக்குப் பிறகும் பிரிப்பு வருடம் வருடமாகத் தள்ளிப்போனது. பிரித்தால் யாருடைய அதிகாரமும் பதவியும் குறையும் என்ற கேள்வியைப் பேசித் தீர்க்காமல் வெறும் மசோதா எழுதிப் பயனில்லை.

தொழிற்சங்க நண்பர்களுக்கு இந்தப் பேச்சு சந்தேகத்தைக் கிளப்பும் என்று தெரியும். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று நிர்வாகம் சொல்லும்போதெல்லாம் சம்பள உயர்வு தள்ளிப்போயிருக்கிறது, ஆட்குறைப்பு வந்திருக்கிறது. அந்தச் சந்தேகம் நியாயமானது. அதனால்தான் தியாகத்தின் பட்டியல் இரண்டு பக்கமும் எழுத்தில் வேண்டும் என்கிறேன். தொழிலாளி மட்டும் விட்டுக்கொடுக்கும் ஏற்பாட்டுக்குப் பொதுத் திட்டம் என்று பெயர் வைக்கக் கூடாது. சம்பளத்துக்காகப் போராடுவதையும் அது தடுக்கக் கூடாது. பாதுகாப்புத் தகவலை அந்தப் போராட்டத்தில் இரு தரப்பும் ஆயுதமாக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மேசையில் யாரை உட்கார வைக்கிறோம் என்பதும் முக்கியம். பெரும்பாலும் விமானிகளோடும் நிர்வாகத்தோடும் நின்றுவிடுகிறோம். 1989இல் இங்கிலாந்தின் கெக்வொர்த் விபத்தில் பழுதானது இடது என்ஜின். விமானிகள் அணைத்தது வலது என்ஜினை. இடது பக்கம் தீப்பொறி வருவதைப் பயணிகளும் கேபின் பணியாளர்கள் சிலரும் பார்த்தார்கள். விமானி அறைக்கு அந்தச் செய்தி போகவில்லை. 47 பேர் இறந்தார்கள். கேபின் பணியாளர்கள், சரக்கு ஏற்றுபவர்கள், எரிபொருள் நிரப்புபவர்கள், சிறு பயிற்சிப் பள்ளி நடத்துபவர்கள் எல்லோருக்கும் அந்த மேசையில் இடம் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது மரியாதைக்காக இல்லை. வேறு யார் கண்ணுக்கும் படாதது அவர்கள் கண்ணுக்குப் படுகிறது.

சரி, எங்கே தொடங்குவது? என்னைக் கேட்டால், ஒவ்வொரு தரப்பும் அடுத்த கூட்டத்துக்குக் கோரிக்கைப் பட்டியலோடு, தான் விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கும் ஒன்றையும் எழுதிக்கொண்டு வரட்டும். பராமரிப்புத் தரப்பின் சார்பில் நானே முதலில் வைக்கிறேன்: ஷிப்ட் மாறும்போது நாங்கள் எழுதி ஒப்படைக்கும் குறைகளையும், வேலையில் நேர்ந்த தவறுகளையும், பெயர் நீக்கி, போட்டி நிறுவனங்கள் உட்பட எல்லோரும் பார்க்கும்படி ஒரு நடுநிலை அமைப்பிடம் கொடுக்கச் சம்மதிப்போம். பதிலுக்கு நாங்கள் கேட்பது, சந்தேகத்தின் பேரில் ஒரு விமானத்தை நிறுத்தி வைத்தவரை மறுநாள் காலையில் தாமதக் கணக்குக்காகக் கூப்பிட்டு நிறுத்தும் வழக்கத்தை எல்லா நிறுவனங்களும் ஒரே தேதியிலிருந்து கைவிட வேண்டும்.