அது கடல் நத்தை இல்லைங்க

டர்ரிடெல்லா அகேட்னு நத்தை ஓடுகள் நிறைஞ்ச ஒரு கல் இருக்கு. "அதுல இருக்கிறது கடல் நத்தை, 5 கோடி வருஷம் முன்னாடி அமெரிக்காவோட வயோமிங் மாநிலம் கடலா இருந்ததுக்கு அதுவே சாட்சி"ன்னு மேலே ஒரு நண்பர் போட்டிருக்கார். கல் அசல்தான். வயசும் ஏறத்தாழ சரி. கடல்தான் தப்பு.

அந்த ஓடுகள் எலிமியா டெனெரா என்கிற நன்னீர் நத்தையோடது. இயோசீன்னு சொல்ற அந்த 5 கோடி வருஷத்துக்கு முந்தைய காலத்துல தென்மேற்கு வயோமிங்ல கோசியூட்னு பெரிய ஏரி இருந்துச்சு. அதுல குவிஞ்ச ஓடுகள்ல சிலிக்காங்கிற கனிமம் ஊறி இறுகினதுதான் இந்தக் கல். வயோமிங் கடலுக்கடியில கிடந்ததும் உண்மைதான், ஆனா அது டைனோசர் காலத்துக் கதை. இந்த நத்தையை அதுக்கு சாட்சியா கூப்பிட முடியாது.

லென்ஸ் இருந்தா நீங்களே பாருங்க. கல்லோட பேர்ல இருக்கிற நிஜ டர்ரிடெல்லா ஒரு கடல் நத்தை; அது ஊசி மாதிரி ஒல்லியா நீளும், சுற்றுகள் நிறைய, வரிகள் சுருளோட போக்குலயே ஓடும். எலிமியாவுல அந்த வரிகளுக்குக் குறுக்கே, மேலிருந்து கீழா சின்னச் சின்ன மேடுகளும் இருக்கும். பாலிஷ் போட்ட பக்கத்துல தேடாதீங்க, அங்கே ஓட்டோட வெட்டுமுகம்தான் தெரியும். கல்லோட முரட்டுப் பக்கத்துல ஓடு துருத்திக்கிட்டு நிக்கிற இடமா பாருங்க. (விற்கிறவங்க எப்பவும் பளபளப்பு பக்கத்தைத்தான் படம் பிடிச்சுப் போடுவாங்க!)

"அங்கே போனா அள்ளிக்கிட்டு வந்து விற்கலாம்"னு அவர் சொல்லியிருக்கிறதும் சரியில்ல. அமெரிக்க நிலமேலாண்மைத் துறையோட பொது நிலங்கள்ல, இந்த மாதிரி சாதாரண நத்தைப் புதைபடிவங்களை அனுமதி இல்லாம நியாயமான அளவு எடுக்கலாம். கைக்கருவிதான், அதுவும் சொந்த சேகரிப்புக்கு மட்டும். விற்கக் கூடாது. தனியார் நிலம்னா உரிமையாளரைக் கேட்டுட்டுத்தான் கால் வைக்கணும்.