பேட்ஸி க்ளைன் ஆல்பங்கள்: ஒரு திருத்தம்

அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகி பேட்ஸி க்ளைன் 'ஏராளமான ஆல்பங்கள்' தந்ததாக அவரைப் பற்றிய ஒரு கட்டுரை சொல்கிறது. உயிரோடு இருந்தபோது வெளிவந்த ஸ்டுடியோ ஆல்பங்கள் மூன்றுதான்: 1957, 1961, 1962. மற்றவை பெரும்பாலும் 1963 மார்ச்சில் விமான விபத்தில் அவர் இறந்த பிறகு வந்த தொகுப்புகள். முதல் ஆல்பத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே நாலு வருஷ இடைவெளி வரக் காரணம் ஃபோர் ஸ்டார் என்ற இசைத்தட்டு கம்பெனியோடு இருந்த ஒப்பந்தம். அவர்கள் உரிமை வைத்திருந்த பாட்டுகளை மட்டுமே அவர் பாட முடியும். பாதிக்கு மேல் சுமார் ரகம். 1960-ல் அந்த ஒப்பந்தம் முடிந்து, டெக்கா இசைத்தட்டு கம்பெனியில் தயாரிப்பாளர் ஓவன் பிராட்லிக்கு நல்ல பாட்டுகள் கிடைத்த பிறகுதான் குரலுக்கேற்ற தீனி.

ஆல்பம் வாங்குகிறவர்கள் ஏமாறும் இடம் 'வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்' பாட்டு. இரண்டு பதிவுகள் உண்டு. 1956-ல் பாடியது முதல் ஆல்பத்தில்; 1961-ல் திரும்பப் பாடியது இரண்டாவதான 'ஷோகேஸ்' ஆல்பத்தில். பின்னணியில் ஜோர்டனேர்ஸ் குழுவின் ஆண் குரல்கள் கேட்டால் அது பிந்தையது. 1967-ல் வந்த 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்' தொகுப்பிலும் அதுதான். என் ஓட்டு பழசுக்கே. ஸ்டீல் கிட்டாரின் இழுப்பு அதில் அருமை.

அவர் வாழ்க்கையைச் சொல்லும் 1985 'ஸ்வீட் ட்ரீம்ஸ்' படத்தின் இசைத்தட்டை மட்டும் முதலில் வாங்காதீர்கள். குரல் அவருடையதுதான், வாத்தியங்கள் புதிதாகச் சேர்த்தவை. முழுசாக வேண்டுமென்றால் 1991-ல் வந்த நாலு சிடி பெட்டி: 104 பதிவுகள், கால வரிசையில்.