பில்லில் முகவரி இல்லையென்றால் கட்டிய வரியும் இல்லையென்று ஆகிவிடுமா?

நேற்று மாலை கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் கணக்கு பார்க்கும் ஒரு நிறுவனத்துக்குப் போயிருந்தேன். அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, 11 பில்களைத் தனியாக எடுத்துக் கிளிப் போட்டு, மேலே சிவப்பு மையால் "கிரெடிட் இல்லை" என்று எழுதி வைத்திருந்தார். கிரெடிட் என்றால், வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது. ஏன் என்று கேட்டேன். "நம் முழு முகவரி இல்லை அக்கா. சிலவற்றில் தேதி அடித்துத் திருத்தியிருக்கிறது. ஆடிட்டில் வெட்டிவிடுவார்கள், எதற்கு வம்பு?" என்றார். உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். அந்த 11 பில்களிலும் முதலாளி கொடுத்திருந்த வரி 23,000 ரூபாய்க்கு மேல். ஒரு பயத்துக்காக அவ்வளவு பணத்தையும் விட்டுவிடப் பார்த்திருக்கிறார்கள். தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் பயத்தை அவருக்குள் விதைத்தவர்கள் மேல்தான் கோபம்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் 19 ஆண்டுகளாகச் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். அழகாக பில் போடுகிறவர்கள் பெரிய நிறுவனங்கள்தான். மோட்டார் சரிசெய்கிறவர், அச்சகக்காரர், வெல்டிங் ஆள் கொடுக்கிறவர் எல்லாரும் வேலையை ஒழுங்காகச் செய்வார்கள், வரியையும் கட்டுவார்கள். பில் புத்தகத்தில் மட்டும் நாலு கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிடுவார்கள். அதற்கான தண்டனை அவர்களுக்கு வருவதில்லை. பணம் கொடுத்து வாங்கியவர் தலையில் விடிகிறது.

ஜி.எஸ்.டி.க்கு முன், சேவைகளுக்குத் தனியாகச் சேவை வரி இருந்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2013-14 கணக்கு. கடலூருக்கு வெளியே ஒரு சிறிய உற்பத்திக்கூடம். இயந்திரங்களைப் பழுதுபார்க்க மாதம் 40,000 ரூபாய்க்கு ஓர் ஒப்பந்தக்காரர். அன்றைக்கு வரி 12.36 சதவீதம், மாதத்துக்கு 4,944, ஆண்டுக்கு 59,328 ரூபாய். தணிக்கைக்கு வந்தவர் பில்களைப் புரட்டினார். வரிசை எண் இல்லை. எங்கள் பெயர் சுருக்கமாக இருக்கிறது, முகவரி இல்லை. சேவை வரி விதிகளின் 4ஏ பிரிவு இரண்டையும் கேட்கிறது, ஆகவே மொத்த கிரெடிட்டையும் திருப்பிக் கட்டுங்கள், வட்டியும் அபராதமும் தனி என்று எழுதிவிட்டார். முதலாளி அன்று மதியம் சாப்பிடவில்லை.

அவர் சொன்ன விதி உண்மைதான். ஆனால் விதிப் புத்தகம் அந்தப் பக்கத்தோடு முடிந்துவிடவில்லை. அன்றைக்குக் கிரெடிட் எடுப்பதற்கென்று இருந்த 2004ஆம் ஆண்டின் சென்வாட் கிரெடிட் விதிகளில் 9(2) என்று ஒன்று இருந்தது. எல்லா விவரமும் இல்லாவிட்டாலும், வரித்தொகை, சேவையின் விவரம், மதிப்பு, பில் கொடுத்தவரின் பதிவு எண், அவருடைய பெயர் முகவரி ஆகியவை இருந்து, அந்தச் சேவை உண்மையில் வந்தது, கணக்கிலும் ஏறியது என்று துணை ஆணையரோ உதவி ஆணையரோ திருப்தி அடைந்தால் கிரெடிட்டை அனுமதிக்கலாம். எங்கள் பில்களில் அந்த ஐந்தும் இருந்தன. மீதியை நிரூபிக்க வாட்ச்மேன் எழுதிய கேட் நோட்டைத்தான் கொண்டுபோனேன். கசங்கி, ஓரத்தில் டீக்கறை படிந்த நோட்டு. பழுதுபார்க்க வந்தவர்கள் உள்ளே நுழைந்த நேரம், வெளியே போன நேரம், கையெழுத்து எல்லாம் அதில் இருந்தன. பக்கத்தில் வங்கிக் கணக்கையும் பேரேட்டையும் வைத்தேன். உதவி ஆணையர் ஒரு மணி நேரம் தேதி தேதியாக ஒத்துப் பார்த்துவிட்டு அனுமதித்தார். அந்த அதிகாரியை இன்றைக்கும் மரியாதையோடு நினைக்கிறேன்.

இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. வேறொரு நிறுவனத்தில் அளவுக்கருவிகளைச் சோதித்துக் கொடுத்தவரின் பில்லில் பதிவு எண்ணே இல்லை. "விண்ணப்பித்திருக்கிறோம்" என்று கையால் எழுதியிருந்தார். நான் கிரெடிட் எடுக்க விடவில்லை. விசாரித்தால், அவர் பதிவே செய்யவில்லை. மூன்று மாதம் வரி என்று வாங்கிய பணம் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. வரி என்ற பெயரில் வசூலித்ததை அரசுக்குக் கட்டியே ஆக வேண்டும் என்று 1994 நிதிச் சட்டத்தின் 73ஏ பிரிவு சொன்னது. அதை வைத்துப் பேசித்தான் பணத்தைத் திரும்ப வாங்கினோம்.

முகவரி விடுபடுவதும் பதிவு எண் விடுபடுவதும் ஒன்றல்ல. முன்னது மறதி. பின்னதில் வரி அரசுக்குப் போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வியே இருக்கிறது. சட்டம் இந்த இரண்டையும் சரியாகவே பிரித்து வைத்திருக்கிறது. மேசையில் உட்கார்ந்திருக்கும் நாம்தான் இரண்டையும் ஒரே கிளிப்பில் மாட்டிவிடுகிறோம்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. 2018 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. விதிகளின் 36(2) விதியில் இதே சலுகையைச் சேர்த்தார்கள். வரித்தொகை, சரக்கு அல்லது சேவையின் விவரம், மொத்த மதிப்பு, இரு தரப்பு ஜி.எஸ்.டி. எண், வெளிமாநில வியாபாரம் என்றால் வழங்கல் இடம், அதாவது எந்த மாநிலத்துக்குப் போகிறது என்ற விவரம், ஆகியவை இருந்தால் போதும். அதிகாரியின் திருப்தி என்ற நிபந்தனைகூட இதில் இல்லை. இந்தத் தம்பிக்கு இதை யாருமே சொல்லித்தரவில்லை.

நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாறிவிடுகிறது. கடலூருக்கு 33, புதுச்சேரிக்கு 34. அரியாங்குப்பத்திலிருந்து ஒருவர் வந்து கடலூர் நிறுவனத்தில் இயந்திரம் சரிசெய்தால், வெளிமாநில வியாபாரத்துக்கான ஐ.ஜி.எஸ்.டி. போட வேண்டும். அரை மணி நேரப் பயணம்தானே என்று பழக்கத்தில் உள்ளூர் வியாபாரம் போல சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று மத்திய, மாநிலப் பங்காகப் பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். அந்த வரியில் நமக்குக் கிரெடிட் கிடைக்காது. புதுச்சேரியில் அறை எடுத்துத் தங்கினால் கதை வேறு. அறை புதுச்சேரியிலேயே இருப்பதால் பிரித்துப் போடுவதுதான் சரி, ஆனாலும் கடலூர் எண்ணில் அதை எடுக்க முடியாது. இதற்காக ஓட்டல்காரரிடம் சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும்.

என்னால் ஏற்க முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து, விற்றவர் தன் ரிட்டர்னில் அந்த பில்லைக் காட்டி, அது நம் 2பி பட்டியலில், அதாவது ஜி.எஸ்.டி. இணையதளம் நமக்கு மாதாமாதம் காட்டும் கிரெடிட் பட்டியலில், வந்தால்தான் கிரெடிட். பில் சுத்தமாக இருக்கிறது, வேலை நடந்திருக்கிறது, பணம் வங்கி வழியாகப் போயிருக்கிறது. இருந்தும் அவர் ரிட்டர்ன் போடவில்லை என்றால் நாம் கையிலிருந்து கட்ட வேண்டும். அவரைப் பிடிக்க அரசிடம் அதிகாரமும் ஆள்பலமும் இருக்கின்றன. எங்களிடம் இருப்பது அவருடைய கைப்பேசி எண் மட்டும். முதலில் விற்றவரிடம் கேளுங்கள், அவரிடம் வசூலிக்க வழியே இல்லை என்றான பிறகு எங்களிடம் வாருங்கள் என்றுதான் கேட்கிறேன். வரியை ஒருமுறை கொடுத்தவரிடம் இரண்டாம் முறை கேட்பது நியாயமே இல்லை.

நேற்று அந்த 11 பில்களையும் தம்பியோடு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்பதில் 36(2) கேட்கும் எல்லாமே இருந்தன, 2பி பட்டியலிலும் வந்திருந்தன. சிவப்பு எழுத்தை அவரையே அடிக்கச் சொன்னேன். மீதி இரண்டும் புதுச்சேரி அச்சகத்து பில்கள். இரண்டிலும் எங்கள் ஜி.எஸ்.டி. எண்ணே இல்லை, அதனால் பட்டியலுக்கும் வரவில்லை. போன நிதியாண்டின் பில்கள் அவை. நவம்பர் 30க்குள் அச்சகத்தார் தம் ரிட்டர்னில் திருத்த வேண்டும், நாமும் அதற்குள் கிரெடிட்டை எடுக்க வேண்டும். போனில் சொன்னால் மறந்துவிடுவார்கள். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் தம்பி நேரில் போகிறார். எண்ணைத் தெளிவாக எழுதிய தாளையும் இரண்டு பில்களின் நகலையும் அவர் பையில் வைத்துவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.