மீக்கருக்கு ஒரு வயதைக் கூட்டிக் கொடுத்த மகானுபாவருக்கு

"1928இலிருந்து 1830ஐக் கழித்தால் 98. இதில் என்ன குழப்பம்?" என்று, ஒளித்துவைத்த டப்பாவை ஜிபிஎஸ் புள்ளியை வைத்துத் தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டில், எஸ்ரா மீக்கர் இறந்த வயதைக் கேட்டுப் புதிர் போட்டு டப்பாவை ஒளித்துவைத்த மகானுபாவர், விடை தவறு என்ற என் புகாருக்கு நேற்றிரவு பதில் அனுப்பியிருக்கிறார். குழப்பம் ஒன்றுமில்லை ஐயா. எஸ்ரா மீக்கர் பிறந்தது 1830 டிசம்பர் 29. இறந்தது 1928 டிசம்பர் 3. அந்த ஆண்டின் பிறந்தநாளுக்கு இன்னும் 26 நாள் பாக்கி இருந்ததால் அவர் 97 வயதில்தான் போய்ச்சேர்ந்தார் என்பதைத் தவிர இதில் குழம்புவதற்கு எதுவுமே இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பியூயாலப் நகரத்தை உருவாக்கி, அதன் முதல் மேயராகவும் இருந்த மனிதருக்கு நினைவஞ்சலியாகப் புதிர் அமைக்கிறவர், அவர் செத்த வயதையாவது சரியாகப் போட்டிருக்கக் கூடாதா?

ஜியோகேச்சிங் வரைபடத்தில் அந்த நீலக் கேள்விக்குறியைக் கண்டாலே உங்களுக்கும் வயிற்றைக் கலக்கும் என்று தெரியும். மேலே கொடுத்திருக்கும் புள்ளி பொய், உண்மையான புள்ளியை நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள் என்பதுதானே அதன் சாரம். இந்தப் புதிரிலும் அப்படித்தான். "மீக்கரின் காளையின் பெயரில் எத்தனை ஆங்கில எழுத்து?" என்று ஒரு கேள்வி. எந்தக் காளை என்று சொல்ல வேண்டாமா? 1906இல் மாட்டுவண்டிப் பயணமாகக் கிழக்கே புறப்பட்டபோது வண்டியில் பூட்டியவை ட்விஸ்ட், டேவ். ட்விஸ்ட் நெப்ராஸ்காவில் செத்த பிறகு ஒமாஹாவில் வாங்கிச் சேர்த்தது டேண்டி. டேவுக்கு நான்கு எழுத்து, மற்ற இரண்டுக்கும் ஐந்து. இதையாவது நான்கு, ஐந்து என்று மாற்றி மாற்றிப் போட்டுத் தப்பிக்கலாம். விடையைச் சரிபார்த்துக்கொள்ள ஒரு இணைப்புகூடக் கொடுக்காத பக்கத்தில், சிரமம் ஐந்துக்கு இரண்டு என்று கூசாமல் போட்டிருந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

இறந்த வயதின் கடைசி இலக்கம், டப்பா இருக்கும் புள்ளியின் அட்சரேகை நிமிடத்தின் (பாகையின் அறுபதில் ஒரு பங்கு) இரண்டாம் தசம இடத்தில் உட்கார வேண்டும். அந்த இடத்தில் ஓர் இலக்கம் மாறினால் பூமியில் சுமார் பதினெட்டரை மீட்டர் நகர்ந்துவிடும் என்பது இந்த விளையாட்டில் இருப்பவர்களுக்கு மனப்பாடம். நான் உண்மையை நம்பி 7 போட்டேன். உண்மை என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடம், ஆளுயரம் வளர்ந்து பின்னிக்கிடந்த ஹிமாலயன் பிளாக்பெர்ரிப் புதரின் நட்டநடு. (பெயரில்தான் இமயமலை, ஆர்மீனியப் பக்கத்திலிருந்து வந்து மேற்கு வாஷிங்டன் முழுவதையும் வளைத்துப்போட்ட முள்.) தூறலில் கைபேசித் திரை நனைந்து தொடுகையை ஏற்க மறுக்க, மரங்களுக்கடியில் ஜிபிஎஸ் ஊசி இப்படியும் அப்படியும் ஆட, மழைச்சட்டையின் இடது கையை ஒரு கொடி பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்று அடம்பிடிக்க, அதை எடுக்கப்போன வலது கையை இன்னொரு கொடி பிடித்துக்கொள்ள, நாயோடு நடக்க வந்த ஓர் அம்மையார் பாதையில் நின்று, "ஏதாவது தொலைத்துவிட்டீர்களா?" என்று பரிவோடு கேட்டார். பொறுமையை என்று சொல்லியிருக்க வேண்டும். "சாவி" என்று சொல்லித் தொலைத்தேன். அவரும் நாயும் சேர்ந்து, இல்லாத சாவியைத் தேடத் தொடங்கினார்கள்.

எனக்கு ஆறாதது எது தெரியுமா? இளைஞராக 1852இல், குடியேறிகள் வண்டி கட்டிப் போன ஓரிகன் தடத்தில் மேற்கே வந்த மீக்கர், 75 வயதில் மறுபடி மாட்டுவண்டி பூட்டி, அதே தடத்தில் கிழக்கே போனதே அந்த வழி மறந்து அழிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். உழவிலும் வேலியிலும் வண்டித்தடம் மறைந்துகொண்டிருந்த ஊர்களில் பணம் திரட்டிக் கல் நடவைத்தார். 1907இல் தலைநகரான வாஷிங்டன் டி.சி.க்கே வண்டியை ஓட்டிச்சென்று ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டிடம் இதற்காகப் பேசினார். வழி தவறக் கூடாது என்று ஊர் ஊராகக் கல் நட்ட கிழவரைக் கௌரவிக்க, வருகிறவனுக்கு வழியைத் தவறவைத்து முள்ளில் மாட்டிவிடுவது, தண்ணீர்ப்பந்தல் வைத்தவர் நினைவு நாளில் ஊர்க்குழாயை மூடுவது போல் இருக்கிறது.

கடைசியில், இனி அறிவைப் பயன்படுத்தி லாபமில்லை என்று 8ஐப் போட்டுப் பார்த்தேன். பதினெட்டரை மீட்டர் வடக்கே, நடைபாதையை ஒட்டிய மரக்கம்பத்தின் பின்னால், முள்ளே இல்லாத இடத்தில், அந்த ஃபிலிம் ரோல் டப்பா தொங்கிக்கொண்டிருந்தது. திறந்தால், கண்டுபிடித்தவர்கள் கையெழுத்துப் போட வேண்டிய தாள் மழையில் ஊறிக் களியாகக் கிடந்தது. பேனாவை வைத்தேன், தாள் பேனாவோடு வந்துவிட்டது. பிறகு வந்த சிரிப்பு நல்ல சிரிப்பு என்று சொல்ல முடியாது.

இந்த அழகில், வரிசையில் அடுத்த புதிரும் வந்துவிட்டது: கைக்குழந்தையோடு மாட்டுவண்டியில் புறப்பட்டபோது மீக்கரின் மனைவி எலைசா ஜேனுக்கு வயது என்ன? பிறந்தநாளைப் பார்க்க வேண்டுமா, வெறும் கழித்தல் போதுமா என்று மகானுபாவரைத் தெரிந்தவர்கள் யாராவது கேட்டுச் சொல்லுங்கள். சனிக்கிழமை காலையில் கிளம்ப வேண்டும்.