தழும்பு நின்றுபோன மரங்கள்

காட்டைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி மரம் வெட்டுகிறார்கள், அப்புறம் அவர்களே தீயும் வைக்கிறார்கள் என்று முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இன்று அந்த வேலையை முழு மனதோடு ஆதரிக்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் உள்ள வறண்ட காடுகளைப் பற்றிச் சொல்கிறேன். பாண்டெரோசா பைன்தான் அங்கே முக்கிய மரம். வயதான மரத்தின் பட்டை தடித்து, ஆரஞ்சு நிறத்தில், சில்லு சில்லாகப் பொருத்தி வைத்தது போல இருக்கும். வெயிலில் சூடேறினால் வெனிலா வாசம் அடிக்கும். கீழ்க்கிளைகள் தாமாகவே உதிர்ந்துவிடும். அதனால் தரையோடு ஓடும் தீ பட்டையைக் கருக்கிவிட்டுப் போய்விடும், மரம் பிழைத்துக்கொள்ளும். சுட்ட இடத்தில் ஒரு தழும்பு விழும். அடுத்தடுத்த வருஷத்து வளையங்கள் அதை ஓரத்திலிருந்து மூடப் பார்க்கும். மூடி முடிவதற்குள் இன்னொரு தீ வரும். பழைய மரம் ஒன்றின் குறுக்குவெட்டில் ஐந்து, பத்து, இருபது வருஷ இடைவெளிகளில் இப்படி வரிசையாகத் தழும்புகளைப் பார்க்கலாம். 1800களின் பிற்பகுதிக்கு வந்ததும் பல இடங்களில் அந்த வரிசை சட்டென்று நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் வெறும் வளையங்கள்தான்.

ஏன் நின்றது? தீயைச் சுமந்து போகும் புல்லைக் கால்நடைகள் மேய்ந்து தீர்த்தன. பூர்வகுடிகள் காட்டுக்குத் தீ மூட்டும் வழக்கம் ஒடுக்கப்பட்டது. 1910 ஆகஸ்டில் இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்து, தீயணைக்கப் போனவர்கள் பலர் இறந்தார்கள். அந்தப் பயம் போகவே இல்லை. தீ பற்றிய தகவல் வந்தால் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும் என்று 1935-இல் வனத்துறை விதியே போட்டது. தீ வராத காட்டில் மரக்கன்றுகள் நெருக்கியடித்து வளர்ந்தன. இப்போது தரையில் பற்றும் தீ அவற்றை ஏணியாகப் பிடித்துக்கொண்டு பெரிய மரங்களின் உச்சிக்கே ஏறிவிடுகிறது.

இதை 1943-லேயே எழுதியவர் வனவியலாளர் ஹரோல்ட் வீவர். இந்தக் காட்டுக்குத் தீ வேண்டும் என்று அவர் எழுதிய கட்டுரை, இது ஆசிரியரின் சொந்தக் கருத்து மட்டுமே என்ற குறிப்போடுதான் வெளிவந்தது. அந்த மனிதரை நினைத்தால் எனக்கு மனசு நெகிழ்கிறது.

சரி, எந்த மரத்தை வெட்டுவது? டெரெக் சர்ச்சிலும் சக ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஏக்கருக்கு இத்தனை மரம் என்று சம இடைவெளியில் விட்டால் அது தோப்பாகிவிடும். பழைய காடு அப்படி இருந்ததில்லை. தனி மரங்கள், நாலைந்து மரங்கள் கிளை கோத்து நிற்கும் கூட்டங்கள், நடுவே வெட்டவெளிகள் என்று கலந்து கிடந்தது. மிச்சமிருக்கும் முதிய மரங்களையும் பழைய அடிக்கட்டைகளையும் அளந்து அந்த அமைப்பைக் கண்டுபிடித்து, அதற்கேற்ப எதை விடுவது என்று குறிக்கிறார்கள். வெட்டவெளிக்கு வந்ததும் உச்சித் தீ தரைக்கு இறங்க வாய்ப்பு கிடைக்கிறது.

ஆனால் வெட்டுவதோடு நிறுத்தினால் போதாது, எரிக்கவும் வேண்டும். ஓரிகன் மாநிலத்தில் 2021-இல் பூட்லெக் என்ற காட்டுத்தீ 4 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. அங்கே சைக்கன் சதுப்புநிலப் பகுதியில், சிறு மரங்களைக் களைந்து திட்டமிட்டு எரித்தும் வைத்திருந்த இடங்களில் தீ தணிந்து தரைக்கு இறங்கியது, பெரிய மரங்கள் பச்சையாகவே நின்றன. களைந்துவிட்டு எரிக்காமல் விட்ட பக்கத்து இடத்தில் சேதம் அதிகம்.

திட்டமிட்ட தீ கைமீறுவதும் உண்டு. நியூ மெக்சிகோவில் 2022-இல் அப்படித்தான் ஆனது. ஏப்ரலில் காற்றடிக்கும் நாளில் வைத்த தீ தப்பியது. வெட்டிய மரங்களையும் கிளைகளையும் குவித்துக் குளிர்காலத்தில் எரித்த குவியல்களில் கங்கு உறங்கிக் கிடந்து, அதுவும் ஏப்ரலில் கிளம்பியது. இரண்டும் சேர்ந்து 3 லட்சத்து 40 ஆயிரம் ஏக்கர். வீடிழந்தவர்களின் கோபம் முழுக்க நியாயம். அதற்காக எரிப்பதையே கைவிடச் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. குவியல் ஆறிவிட்டதா என்று கையால் தொட்டுப் பார்க்க ஆள் வேண்டும், காற்று சரியில்லாத நாளில் வேலையை நிறுத்தும் அதிகாரம் களத்தில் இருப்பவருக்கு வேண்டும், மரம் களைய ஒதுக்கும் பணத்தோடு எரிப்புக்கான பணத்தையும் அன்றே ஒதுக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக இந்தத் தீயை அறிந்த பூர்வகுடிகளிடம் அந்த வேலையின் பொறுப்பையும் கொடுக்க வேண்டும்.