கேட்க ஆளில்லை என்பது சம்மதம் ஆகிவிடாது

மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் கூடத்தில் மேசைமேல் கிடக்கும் உடல் யாரோ மனமுவந்து கொடுத்ததாகத்தான் இருக்கும் என்று வெளியில் இருக்கிற நாம் நினைத்துக்கொள்கிறோம். பல நாடுகளில் இன்றைக்கும் அது உண்மையில்லை. மருத்துவமனையிலோ தெருவிலோ காப்பகத்திலோ இறந்து, சட்டம் குறித்த கெடுவுக்குள் யாரும் வந்து கேட்காத உடல்கள் கல்லூரிக்குப் போகின்றன. சட்டப்படி அதில் தவறில்லை. அதைச் சொல்லிவிட்டுப் பேச்சை முடித்துக்கொள்கிறார்களே, அங்கேதான் எனக்குச் சண்டை.

இந்த வழக்கத்தின் பூர்வீகத்தைப் பார்த்தால் கோபம் வரும். பிரிட்டனில் 1752 முதல், கொலைக்குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவரின் உடலை மருத்துவர்கள் கீறிப் பார்க்கலாம். படிப்புக்காக மட்டும் வந்த ஏற்பாடல்ல அது. சாவுக்கு மேலும் ஒரு தண்டனை. மருத்துவப் பள்ளிகள் பெருகின, தூக்கு மேடை போதவில்லை. கல்லறைகளைத் தோண்டி உடல்களைத் திருடி விற்றார்கள். 1828-இல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் தோண்டும் சிரமம்கூட வேண்டாமென்று 16 பேரைக் கொன்று உடற்கூறியல் ஆசிரியர் ஒருவருக்கு விற்றார்கள். நாடே அதிர்ந்தது. 1832-இல் வந்த உடற்கூறியல் சட்டம் கொலைகாரர்களை அந்தத் தண்டனையிலிருந்து விடுவித்தது. அவர்களுக்குப் பதிலாக மேசைக்கு வந்தவர்கள் ஏழைகளுக்கான விடுதிகளில் செத்து, அடக்கம் செய்ய ஆளில்லாதவர்கள். குற்றவாளிக்குத் தண்டனையாக இருந்ததை ஏழைக்குப் பொது நன்மை என்று பெயர் மாற்றிக் கொடுத்தார்கள். பிற நாடுகளின் சட்டங்கள் பலவற்றிலும் இந்தச் சாயல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதே 1832-இல் இறந்த தத்துவவாதி ஜெரமி பெந்தம், தன் உடலைக் கீறிப் பார்க்க வேண்டும் என்று உயிலிலேயே எழுதிவைத்திருந்தார், அப்படியே நடந்தது. அவர் எழுதிவைத்தார், அந்த ஏழைகளை யாரும் கேட்கவே இல்லை. உரிமை கோராத உடல் என்கிறோமே, பாதி நேரம் அதன் பொருள் உறவினருக்குத் தகவல் போகவில்லை, அல்லது அடக்கச் செலவுக்குக் காசில்லை என்பதுதான்.

இதை எதிர்த்தால் உடனே வரும் கேள்வி: உடல் இல்லாமல் மாணவர் எப்படிப் படிப்பார்? நியாயமான கேள்விதான். பிளாஸ்டிக் பொம்மையும் கணினித் திரையும் மனித உடலுக்கு ஈடாகாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வழி இருக்கிறது. இங்கிலாந்தில் 2004-ஆம் ஆண்டின் மனிதத் திசுச் சட்டப்படி, உயிரோடு இருக்கும்போது சாட்சி முன்னிலையில் எழுத்தில் சம்மதம் தந்தவரின் உடலை மட்டுமே உடற்கூறியல் கல்விக்கு எடுக்க முடியும். இறந்த பிறகு பிள்ளைகள் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. அங்கே மருத்துவக் கல்லூரிகள் மூடிக்கிடக்கவில்லை. உடற்கூறியல் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பும் 2012-இல் சம்மதமே அடிப்படை, இதில் வணிக லாபம் கூடாது என்று பரிந்துரைத்தது.

அப்புறம் வியன்னா. நாஜி ஆட்சியில் தலை வெட்டப்பட்டவர்கள் உட்பட மரண தண்டனை பெற்ற குறைந்தது 1,377 பேரின் உடல்கள் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் உடற்கூறியல் துறைக்குப் போயிருக்கின்றன. 1998-இல் பல்கலைக்கழகமே விசாரித்து வெளியிட்ட கணக்கு இது. எல்லாம் அன்றைய அரசின் உத்தரவுப்படி, முறையான வழியில் வந்தவைதான். 'சட்டப்படி' என்ற ஒற்றைச் சொல்லை நான் நம்பாததற்கு இது போதும்.

குடும்பத்தின் விஷயம் வேறு மாதிரி. நீங்கள் உடல் தானப் படிவம் நிரப்பி வைத்திருப்பீர்கள்; துக்க வீட்டில் ஒருவர் மாட்டேன் என்றால் பெரும்பாலான கல்லூரிகள் வாசலிலிருந்தே திரும்பிவிடும். உடல், உறுப்பு தானம் பற்றி அமெரிக்க மாநிலங்களுக்காக எழுதப்பட்ட மாதிரிச் சட்டம் 2006-இல் திருத்தப்பட்டபோது, இறந்தவரின் முடிவைக் குடும்பம் மாற்ற முடியாது என்று உறுதியாகவே எழுதினார்கள். எழுதினாலும் அழுகிறவர்களோடு மல்லுக்கட்டி உடலைத் தூக்கிப்போக எந்தப் பேராசிரியருக்கும் மனம் வராது, வரவும் வேண்டாம். ஆகவே படிவத்தைவிட வீட்டாரிடம் பேசிவைப்பதுதான் முக்கியம். பிரேதப் பரிசோதனை நடந்திருந்தால், சில தொற்றுநோய்கள் இருந்தால், நேரம் கடந்துவிட்டால் கல்லூரியே வேண்டாம் என்று சொல்லலாம். அதையும் சொல்லிவையுங்கள், கடைசி நேரத்தில் வீட்டார் திகைத்து நிற்கக் கூடாது. கண் தவிர மற்ற உறுப்புகளைத் தானம் செய்தால் பல இடங்களில் முழு உடலை ஏற்பதில்லை என்பதும் பலருக்குத் தெரியாது.

கல்லூரிகளுக்கும் கடமை இருக்கிறது. தைவானின் சூ சி பல்கலைக்கழகத்தில் தானம் தந்தவரை 'மௌன ஆசான்' என்கிறார்கள். மாணவர்கள் அவர் வீட்டுக்குப் போய் அவர் எப்படி வாழ்ந்தார் என்று கேட்டு அறிகிறார்கள். படிப்பு முடிந்ததும் உடலைத் தைத்து, உடுத்தி, குடும்பத்தோடு சேர்ந்து வழியனுப்புகிறார்கள். எல்லா ஊரிலும் இவ்வளவு முடியாமல் போகலாம். கூடத்துக்குள் கைப்பேசிக்குத் தடை போடவாவது முடியும்தானே? 2023-இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் பிணவறை நிர்வாகியே தானமாக வந்த உடல்களின் பாகங்களைத் திருடி விற்ற வழக்கில் சிக்கினார். எந்த உடல் எங்கே இருக்கிறது, எந்தப் பாகம் எப்போது தகனமானது என்று பதிவேடு வைத்து வெளியாள் தணிக்கை செய்யாவிட்டால், எந்தப் பெரிய பெயரும் காப்பாற்றாது.

உடல் தானம் செய்ய விரும்புகிறவர்கள் படிவம் வாங்கும்போதே கேளுங்கள்: எத்தனை காலம் வைத்திருப்பீர்கள்? வேறு நிறுவனத்துக்கு அனுப்புவீர்களா? படம் எடுப்பீர்களா? முடிந்ததும் எச்சத்தை வீட்டாரிடம் தருவீர்களா? பதில் எழுத்தில் வேண்டும். 'அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்கிற இடத்தில் நானாக இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன். வேறு கல்லூரியைப் பார்ப்பேன்.